முகத்தில் அடித்த வெயில்

காலை வெயில் என் பிடரியைச் சுட்டது. சிக்கலே அதுதான்.

எழுநூறு வருடங்களுக்கு முன் இதே சாலையில் ஒரு பயணி நடந்து குறிப்பு எழுதினான். அவன் போன வழியில் நடந்து நான் புத்தகம் எழுதுகிறேன். குறிப்பேட்டை மொழிபெயர்த்துத் தந்தது என் அண்ணன். பாலத்திலிருந்து சத்திரத்துக்குப் போன காலையில் பயணிக்கு வெயில் முகத்தில் அடித்ததாம். மறுநாள் காலை திரும்பியபோது முதுகில். ஆனால் சத்திரம் இருப்பது பாலத்துக்கு மேற்கே. காலையில் போனால் சூரியன் பின்னால்தான் இருக்கும்.

ஒன்று, பயணி இங்கே வராமலே கதை விட்டிருக்கிறான். இல்லையென்றால் அண்ணன் சொந்தச் சரக்கைச் சேர்த்திருக்கிறான். முதலாவது என்றால் என் இரண்டு வருட நடை வீண். இரண்டாவது அதைவிட மோசம்.

போன் செய்தேன்.

"அண்ணா, இந்த வெயில நீயா சேத்தியா?"

"ஆமா, கொஞ்சம் மழையும் சேக்கலாம்னு இருந்தேன். என்னையே சந்தேகப்படுறியாடி?"

"லீவ் லெட்டர்ல அப்பா கையெழுத்தப் போட்டவன்தானே நீ?"

"உன் லெட்டர்லதானே போட்டேன். போய் மூலத்தப் பாரு." வைத்துவிட்டான்.

அவன் குறிப்பேட்டின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்திருந்தான். மூலக் குறிப்பேடு ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அங்கிருந்த அம்மாள் என் கைகளையே கண்காணித்தபடி தாள்களைப் புரட்டினார். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அதனால் ஓட்டைகளைப் பார்த்தேன்.

ஏதோ பூச்சி சாய்வாகத் துளைத்திருந்தது. தாளுக்குத் தாள் ஓட்டை ஒரு நூலளவு கீழே இறங்கியது, படிக்கட்டு மாதிரி. பாலத்துச் சாலை வருவதாக அண்ணன் எண் குறித்திருந்த இரண்டு தாள்களில் மட்டும் சட்டென்று இரண்டு படி இறங்கி, ஒரு படி ஏறியது.

"பூச்சி திரும்பி ஏறுமாம்மா?"

"ஏறாது," என்றவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இது நடுத்தாள். கழண்டு வந்தத, பூச்சி அரிச்ச பிற்பாடு யாரோ தச்சிருக்காங்க. மடிப்பப் பாருங்க."

அந்த இரண்டும் ஒரே நீளத்தாள், நடுவில் மடித்தது. தைத்தவர் மடிப்பை உள்வெளியாகத் திருப்பிவிட்டார். பின்தாள் முன்னால் வந்துவிட்டது. அம்மாள் படித்துச் சொன்னபடி, இரண்டுக்கும் பயணி 'பாலத்துச் சாலை' என்றுதான் தலைப்பிட்டிருந்தான். போகிறேன், வருகிறேன் என்று எழுதவில்லை. வரிசையை நம்பி முன்னால் இருந்ததைப் போனதாகவும் அடுத்ததை வந்ததாகவும் அண்ணன் எடுத்துக்கொண்டான். மடிப்பைத் திருப்பினால் ஓட்டைகள் ஒழுங்காக இறங்குகின்றன: போகும்போது வெயில் முதுகில், வரும்போது முகத்தில்.