எட்டாவது கேள்விக்குப் பதில்

என் அத்தான் எடையளவுத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் கடைக்காரர்களின் தராசைத் தூக்கிப் பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு தூக்கிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது. உலகத்தையே தூக்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். விமானத்தில் போகிறவன் மேகத்தைத்தான் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. உல்லாசக் கப்பலோ மிதக்கிற ஓட்டல். ஆகவே சரக்குக் கப்பல். தொண்ணூற்றாறு நாளில் உலகத்தை ஒரு சுற்று, ஆகாயத்தில் ஓர் அங்குலம்கூடப் போகாமல்.

"நம்ம துறையிலேயே முதல் ஆள்" என்று சொல்லிக்கொண்டார். இரண்டாவது ஆளாகப் போக அங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்றோர் சங்கத்தில் வழியனுப்புக் கூட்டம் போட்டார்கள். ஒருவர் அவரை மாலுமி என்றார், இன்னொருவர் ஞானி என்றார். அக்கா முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றியுரை சொன்னவர் மட்டும், "துணைவியாரும் உடன் செல்கிறார்" என்றார், பெட்டியும் உடன் செல்கிறது என்கிற தொனியில்.

மூன்றாவதாக நான். போட்டோ எடுக்க ஆள் வேண்டுமே. நான் ஸ்டூடியோ வைத்து மூடியவன். பாஸ்போர்ட் சைஸ் முகங்களைத் தவிர அதிகம் எடுத்ததில்லை. அத்தானுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்கும் முகம்தான் வேண்டும்.

சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. ஆகவே பயணியாக ஏறுகிறவர் முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் எட்டாவது கேள்வி: வலிப்பு நோய் உண்டா? அக்காவுக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை தவறாததால் பதினாலு வருடமாக அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. "தூங்குற நாயை எதுக்கு எழுப்பணும்" என்றபடி அத்தான் தன் முத்து முத்தான கையெழுத்தில் "இல்லை" என்று எழுதினார். அக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். சான்றிதழ் கொடுத்தவர் அத்தானின் நண்பர், கண் டாக்டர். அக்காவைச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, பூரண ஆரோக்கியம் என்று எழுதினார்.

நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான்.

பெட்டியில் மாத்திரை மூட்டை இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் அல்லவா? அதற்கும் அத்தான் வழி வைத்திருந்தார். நாற்பதாம் நாள் ஒரு பெரிய துறைமுகம் வருகிறது. அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் எண்பது மாத்திரை, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சத்து மாத்திரை டப்பாவுக்குள். எடையளவுத் துறை மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

சரக்குக் கப்பலுக்குப் பயணி என்பவன் பெட்டிகளுக்கு இடையே தவறி விழுந்த ஒரு பொருள். ஆயிரக்கணக்கான இரும்புப் பெட்டிகள் எங்கே போகச் சொல்கின்றனவோ அங்கே கப்பல் போகும். இது அத்தானுக்கு மட்டும் விளங்கவில்லை. கால அட்டவணையை அறைச் சுவரில் ஒட்டி, தினமும் காலையில் ஒரு நாளை அடித்துவிட்டு, கப்பல் தன் உத்தரவின்படி நடக்கிறது என்பதுபோல் தலையாட்டிக்கொள்வார்.

முப்பத்தேழாம் நாள் காலைச் சிற்றுண்டியின்போது கேப்டன் சாதாரணமாகச் சொன்னார். அவர் எதையுமே சாதாரணமாகத்தான் சொல்வார்.

"அடுத்த துறைமுகம் போகல சார். அங்க ஒரே நெரிசல். கம்பெனி வேணாம்னுட்டாங்க. நேரா அதுக்கு அடுத்தது. பதிமூணு நாள் ஆகும்."

"அட்டவணையில நாற்பதாம் நாள்னு போட்டிருக்கே" என்றார் அத்தான்.

"அட்டவணை பெட்டிக்குத் தெரியாதே சார்."

மேசையே சிரித்தது. அக்கா மட்டும் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் வந்து டப்பாவைக் கவிழ்த்தோம். அன்று காலை போட வேண்டியதையும் சேர்த்து எட்டு மாத்திரை. அத்தான் ஷேவிங் பிளேடால் ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கினார். பதினாறு அரைகள்.

"தினம் ஒரு அரை. பதிமூணு நாள் போக மூணு அரை மிச்சம்கூட இருக்கும் பாரு" என்றார், பட்ஜெட்டில் உபரி காட்டிய மந்திரி மாதிரி.

"நாலு அரை சாப்பிடறவ ஒரு அரை சாப்பிட்டா ஆகுமா அத்தான்? திடீர்னு குறைச்சா பெருசா வரும், வந்தா நிக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கேப்டன்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா? பொய் எழுதினவங்கன்னு மூட்டை முடிச்சோட இறக்கி விட்டுடுவான். அப்புறம் ஃபிளைட்லதான் வீடு திரும்பணும். ஊர் சிரிக்கும் மாப்ளே."

"ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்."

"உனக்கென்ன, உன்னைப் பார்த்து ஊர் ஏற்கெனவே சிரிச்சாச்சு."

ஸ்டூடியோவை மூடியது ஊருக்கே தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவள் அரை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "விடுடா தம்பி. பதினாலு வருஷமா வரல. இன்னும் பதிமூணு நாள்தானே" என்றாள். எனக்கும் அதை நம்புவது சௌகரியமாக இருந்தது.

அரை மாத்திரை தொடங்கிய நான்காம் நாள், காலைச் சிற்றுண்டி. அக்கா கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். கரண்டி பாதி வழியில் நின்றது. கண் திறந்திருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. உதடு மட்டும் மெல்ல எதையோ மென்றது. சமையல்காரர் கையில் ரொட்டித் தட்டோடு அப்படியே நின்றார்.

"தியானம்" என்றார் அத்தான். "அவ திடீர் திடீர்னு இப்படிப் போயிடுவா. எந்த இடம்னு பார்க்கறதில்ல."

ஒரு நிமிஷம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். வந்தவள், எல்லோரும் தன்னை ஏன் பயபக்தியோடு பார்க்கிறார்கள் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் உப்புச் சீசாவைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவள் சாமியம்மா. சமையல்காரர் முதல் தட்டை அவளுக்கு வைத்தார். "என் பொண்ணுக்கு ஒரு வரன் அமையணும் சாமியம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். அக்கா, "நான் ஒண்ணும் சாமியில்லங்க" என்றாள். அது அடக்கம் என்று இன்னும் மதிப்பு கூடியது. அத்தான் மறுக்கவில்லை. ஞானியின் கணவர் என்கிற பதவி புதிதாகக் கிடைத்திருந்தது. பதவி எதையும் அவர் வேண்டாமென்று சொன்ன வழக்கமில்லை.

அடுத்த நாள் இரண்டு தியானம். ஒன்று செங்குத்தான இரும்புப் படிக்கட்டின் மேல்படியில். பின்னால் வந்த நான் அவள் ரவிக்கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே மூன்று மாடி ஆழம். நினைவு வந்ததும் அவள் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்டா?"

"கொஞ்ச நேரம்தான்க்கா."

"பொய் சொல்லாதே. வீட்டுல ஒருத்தர் போதும்."

நேராகக் கேப்டன் அறைக்குப் போனோம். எப்படியோ மோப்பம் பிடித்து அத்தானும் வந்து சேர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டன் குறுக்கே பேசாமல் கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, எங்கள் படிவத்தைத் தேடி மேசைமேல் விரித்தார்.

"சார், கப்பல் எதனால எரியும் தெரியுமா? உள்ள பட்டாசை வெச்சுட்டு வெளிய பொம்மைன்னு எழுதிக் குடுப்பாங்க. நாங்களும் பொம்மைன்னு நம்பி எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துல வெச்சிருப்போம். பட்டாசுன்னு சொல்லியிருந்தா தள்ளி வெச்சிருப்போம், அவ்வளவுதான். உண்மையை எழுதின பெட்டி எதுவும் எங்களை எரிச்சதில்ல." படிவத்தைத் தட்டினார். "இந்த எட்டாவது பதிலை எழுதினது யாரு?"

வாழ்க்கையில் எந்த மௌனத்தையும் அத்தான் சும்மா விட்டதில்லை. இரங்கல் கூட்டத்து மௌனத்தில்கூட இரண்டு வார்த்தை பேசியவர். இப்போது சுவரிலிருந்த உயிர் காக்கும் சட்டைப் படத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து என்னோடது" என்றாள் அக்கா.

"அதைக் கேட்கலம்மா. எழுத்து யாரோடது?"

"அதுவும் என்னோடதுதான்."

கேப்டன் படிவத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மடித்து வைத்தார். கரையிலிருந்த டாக்டரை ரேடியோவில் பிடித்தார். மாத்திரையை உடனே பழைய அளவுக்கு ஏற்று, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கரை சேர்த்துவிடு என்று பதில் வந்தது. எங்களிடம் இருந்த அரைகள் இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதும். கேப்டன் கம்பெனியோடு ஒரு மணி நேரம் வாதாடி, கப்பலைத் திருப்பினார். விட்டுவிட்டு வந்த அதே துறைமுகத்துக்கு வெளியே, கடலிலேயே ஒரு மோட்டார் படகு வந்து அக்காவை வாங்கிக்கொள்ளும். நல்லவேளை, அந்த ஊர் விசா எங்களிடம் இருந்தது.

"கூட ஒருத்தர் கண்டிப்பா இறங்கணும். யாரு?" என்றார் கேப்டன்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "நான் ஒரு விளக்கம் கேட்கலாமா? நோயாளி அவங்க. என்னோட படிவத்துல பிழை ஏதுமில்ல. அப்போ என் பயணத்துக்குத் தடை..."

"இல்ல சார்" என்றார் கேப்டன். "உங்க பயணம் உங்களோடது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல, கடையில் ஒரு பொருளைக் கையிலெடுத்து, எடை சரியா என்று யோசிக்கிறவள் மாதிரி.

"நீங்க சுத்திட்டு வாங்க" என்றாள்.

ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். ஆனால் அத்தானின் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. மூச்சு வெளியே வந்த சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. "மாப்ளே, நீ கூடப் போயிடு. கேமராவை மட்டும் வெச்சுட்டுப் போ" என்றார்.

கயிற்றேணியில் அக்காவை இறக்கக் கேப்டன் ஒப்பவில்லை. கம்பிக் கூண்டு ஒன்றில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கப்பலின் கிரேனால் தூக்கிப் படகில் இறக்கினார்கள். சமையல்காரர் மேலிருந்து கும்பிட்டார். அவருக்கு யாரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அத்தானும் கையசைத்தார். பிறகு கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

படகில் வந்த நர்ஸ் புது மாத்திரை அட்டையைக் கொடுத்தார். அக்கா ஒன்றைப் பிரித்துத் தண்ணீர் இல்லாமலேயே விழுங்கினாள். முழு மாத்திரை.

"இங்கிருந்து நம்ம வீட்டுக்கு ஃபிளைட்ல எவ்வளவு நேரம்?" என்று படகுக்காரரிடம் கேட்டாள்.

"ஒம்பது மணி நேரம்மா."

"அவ்வளவுதானா" என்றாள். நாற்பத்திரண்டு நாள் கடலில் வந்த தூரம். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாத்திரை அட்டையைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது. இது பயத்தின் நடுக்கமா, அந்த நடுக்கமா என்று தெரியாமல் நான் அவள் கண்ணையே பார்த்தேன்.

"முறைக்காதே. இங்கதான் இருக்கேன்" என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, வீட்டுச் சாவி அத்தான்கிட்ட இருக்கு."

"தெரியும்."

"கத்திக் கேட்கட்டுமா? கயிறு கட்டி இறக்குவாங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கப்பல் எங்களுக்கு முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தது.

"வேணாம்டா. பூட்டை உடைச்சுக்கலாம்" என்றாள்.