பட்டியலில் ஏறிய பெயர்

பரந்தனில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. அதில் விதைப்பவர் பொன்னம்பலம். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இரண்டாம் மாடி. அரசாங்கம் உரத்தை மலிவாகக் கொடுப்பதை விட்டு, உர மானியத்தைக் காசாக வங்கிக்கு அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து பயிர்ச்செய்கையாளராகப் பட்டியலில் இருக்கும் அம்மாவின் கணக்குக்கு அது வரும். வயலுக்குப் போடும் உரத்தைப் பொன்னம்பலம் கடனுக்கு வாங்குவார். கொழும்பில் இருக்கும் வயல்காரர் பலர் அப்படித்தான். விதைப்பவரின் பெயர் கமநல சேவை நிலையப் பட்டியலில் ஏறினால் உழுகிற உரிமை அவருக்குப் போய், வயல் திரும்பி வராது என்று பயம்.

மாரிமழையோடு விதைக்கும் இந்தக் காலபோகத்துக்குக் காசு வரவில்லை. தெஹிவளைப் பெரியம்மாவின் வயலுக்கு வந்துவிட்டது.

"அந்தாள் தன்ர பெயரைக் குடுத்திட்டுது, அக்கா. ஆளை நிப்பாட்டு. நான் வேற ஆள் பாக்கிறன்" என்றார் வெங்கடேஸ்வரன் மாமா. அம்மாவின் தம்பி. அப்பா செத்த பிறகு எங்கள் காகிதங்களையெல்லாம் அவர்தான் பார்க்கிறார்.

புரட்டாதியில் மாமா கொண்டுவந்த படிவத்தை நிரப்பியது நான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாலும் என் எழுத்து வடிவு என்பார். அடியில் அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. தம்பி நீட்டுவதில் அம்மா வாசிக்காமல் வைப்பார். பயிர்ச்செய்கையாளர் பெயர் என்ற இடத்தில் மாமா விரலை வைத்து, "என்ர பெயரைப் போடு பிள்ளை. கொம்மாவுக்கு வங்கிக்கு அலைய ஏலாது. நான் அவவுக்குச் சொல்லுறன்" என்றார். போட்டேன்.

சனிக்கிழமை காலை பொன்னம்பலமே வந்தார். கதிரை நுனியில் இருந்தார். மாமாவும் வந்திருந்தார்.

"வயலை ஆருக்கும் குடுக்கிற யோசனையோ, தங்கச்சி?"

அம்மா மாமாவைப் பார்த்தார். "ஏன் அண்ணை, நீங்கள் எடுக்கிற யோசனையோ?"

"எடுக்கிறவன் இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்து கேப்பானே?"

"கேட்டுப்போட்டு எடுத்தா மரியாதையெண்டு நினைச்சிருப்பீர்" என்றார் மாமா. "உரக்காசு எங்க? சொல்லும்."

"அதை நீங்கள்தான் தம்பி சொல்லோணும்."

"என்ன, நக்கலோ?"

"உரக்கடையில கடன் நிக்குது. நக்கலடிக்க எனக்கு எங்க நேரம்?"

அம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "இந்தப் போகம் வெட்டினதோட விட்டிடுங்கோ அண்ணை. எனக்கு நம்பிக்கை இல்லை."

பொன்னம்பலம் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பதினொரு வருடம் விதைத்த வயல். அவர் படி இறங்கினால் முடிந்தது. நான் குசினி வாசலுக்கு வந்தேன்.

"பட்டியலில இருக்கிறது மாமாவின்ர பெயர், அம்மா. நான்தான் எழுதினனான்."

பொன்னம்பலம் பையைத் திரும்பக் கீழே வைத்தார்.

"உன்ர வசதிக்குத்தான் அக்கா…" என்று மாமா தொடங்கினார்.

"நான் பட்டியலைப் பாத்தனான்" என்றார் பொன்னம்பலம். "நீங்கள்தான் தம்பிக்கு எழுதிக் குடுத்திட்டியள் எண்டு நினைச்சன். அவருக்கு முன்னால எப்பிடிக் கேக்கிறது?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா வாய் திறக்கேல்லை. வேற என்னத்தில எழுதினனீ?"

"வேற ஒண்டும் இல்லை."

அம்மா நம்பவில்லை. பொன்னம்பலம் கொண்டுவந்திருந்த புதுப் படிவத்தை வாங்கித் தானே நிரப்பினார். பெயர் எழுதும் இடத்தில் பேனை வெகுநேரம் நின்றது. தம்பியைப் பார்த்தார்.

"உங்கட முழுப்பெயரைச் சொல்லுங்கோ, அண்ணை."

காணிச் சொந்தக்காரர் என்ற இடத்தில் தன் பெயரைத் தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதினார்.

"தம்பியும் ஒரு கையெழுத்து வைக்கட்டும், தன்ர பெயரை எடுக்கச் சம்மதமெண்டு" என்றார் பொன்னம்பலம். மாமா வைத்தார். பொன்னம்பலம் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதச் சொல்லி, ஒவ்வோர் எண்ணாக அட்டையோடு ஒத்துப் பார்த்தார். தேத்தண்ணியைத் தொடாமல் போனார்.

அவர் காலி வீதிக்கு ஏறும்வரை அம்மா பல்கனியில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"வயல் உறுதிப் பத்திரம் எங்க, தம்பி?"

"வீட்டில இருக்கு. நாளைக்குக் கொண்டு வாறன்."

"வேண்டாம், இப்ப நானும் வாறன்" என்று அம்மா செருப்பை மாட்டினார்.