பெங்க

முனிரத்தினத்துக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். சித்தூர் மண்டியில் மாங்காய்க்கு விலை பேச, ஆபீசில் கெஞ்ச, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட, எல்லாம் வரும். மனசைப் பற்றிப் பேச மட்டும் வராது. அது தமிழிலும் வராது என்பது வேறு விஷயம்.

ஐந்து மாதமாக நெஞ்சு அடைக்கிறது. சோறு இறங்கவில்லை. ஈசிஜி, ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. அவருடைய இதயம் அவரைவிட ஒழுங்காக நடந்துகொண்டது. கடைசியில் திருப்பதியில் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"மாமா, அங்க போயி கல்லு கில்லு வீசாத. உள்ளயே வெச்சுக்கப் போறாங்க" என்று வழியனுப்பினான் மச்சான் சிட்டிபாபு.

டாக்டர் சந்தியா சின்னப் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெங்க உந்தா?" என்றாள் தெலுங்கில்.

"பெங்களூரேதான் மேடம்!" முனிரத்தினம் அசந்துபோனார். "எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"பெங்களூர்ல யாரு?"

"சம்சாரம். பொண்ணுக்குப் பிரசவம் பாக்கப் போனா. மூணு மாசம்னு போனவ, அஞ்சு மாசம் ஆவுது..."

துண்டால் கண்ணைத் துடைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் பெண்டாட்டியை நினைத்து அழுவதைப் பார்க்க, நல்லவேளை, சிட்டிபாபு இல்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "பெங்கன்னா ஊரு இல்ல, ஏக்கம். பைத்தியம் இல்ல. வலியும் பொய் இல்ல. நீங்க வாயால சொல்லாதத நெஞ்சு சொல்லுது. மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டார்.

"டாக்டரு இன்னாய்யா சொன்னாங்க?" என்றாள் லட்சுமம்மா. பின்னால் குழந்தை வீறிட்டது.

"பெங்கன்னாங்க."

"பெங்களூரா? இங்க வந்து காட்டச் சொன்னாங்களா?"

இல்லடி, உன்ன நெனச்சு... வாய் வரைக்கும் வந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒருமுறையும் சொல்லாத பேச்சு, ஹாரன் சத்தத்துக்கு நடுவிலா வரும்?

"ஆமா" என்றார். "உன்னாண்ட காட்டச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் குழந்தையை மகளிடம் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"மாட்ட யாரு பாக்கறது?" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"சிட்டிபாபு."

"அவன மாடுதான் பாத்துக்கணும். சரி, வாய்யா. எதுனா துன்னுட்டு வா."

பெங்களூர் பஸ், அவர் வழக்கமாக வீட்டுக்கு இறங்கும் சித்தூரில் நின்றது. "சித்தூர்! சித்தூர்!" என்று கண்டக்டர் கத்தினார். முனிரத்தினம் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, யாரோ இறக்கிவிடப் போவதுபோல, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பலமனேர் தாண்டும்போது பசித்தது.