இருமலுக்கு எழுந்த கைகள்

பின்பனிக்காலம் வந்து ஊர்மேல் அமர்ந்திருந்தது. பொழுது புலர்ந்தும் எழ மனமில்லாதவனாய்க் கதிரவன் கீழ்வானில் கிடந்தான். மரங்கள் இலைநுனியில் துளி தாங்கித் தவத்தில் நின்றன. பறவைகள் குரலடக்கிக் கூட்டில் ஒடுங்கின. உலகமே ஏதோ ஒரு மந்திரத்துக்குச் செவிசாய்த்திருப்பதுபோன்ற அந்தப் பேரமைதியை, வீட்டுக்கு வீடு எழுந்த இருமல் ஒன்றே குலைத்தது.

எமனுக்கும் அஞ்சாத மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியும் அந்தச் சளிக்கு அடங்கித்தான் போனார்.

ஆண்டுக்கொருமுறை தலைமை மாறவேண்டும் என்பது குழுவின் விதி. அது கண்ணாடிச் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கியது. தலைவி ஒன்பது ஆண்டுகளாக நாற்காலியை அதற்கு நேர்கீழே போட்டு அமர்ந்திருந்தமையால், பாவம், அவர் கண்ணில் மட்டும் அது படவேயில்லை. வாதமும் எதிர்வாதமும் அந்த அறை அறியாதவை. தீர்மானத்தைச் சொல்லித் தலைவி மெல்ல இருமுவார், கைகள் எழும், ஏகமனதாக நிறைவேறும். அவருடைய தங்கைக்கு மூன்றாம் முறையாகக் கடன் போனதும் ஓர் இருமலில்தான்.

குழுவில் கடன் கேட்டுக் காத்திருந்த, நாற்சந்தியில் பஞ்சர் ஒட்டும் பஞ்சர் அக்காவுக்கு மட்டும் எந்த இருமலும் வாய்க்கவில்லை. கைப்பம்பு அடித்தடித்து அவளது வலத்தோள் தேய்ந்துவிட்டது. லாரிப்பட்டறைக்காரர் காற்றடிக்கும் தம் பழைய கம்ப்ரசரை விற்கப்போகிறார். சனிக்கிழமைக்குள் பணம் தந்தால் அவளுக்கு, இல்லையேல் வேறொருவருக்கு.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் தலைவி. "அவசரம்னா எங்க கொழுந்தனார்கிட்ட வாங்கிக்கோ. வட்டி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்."

கொழுந்தனாரிடம் வாங்கியவர் எவரும் கரையேறியதில்லை.

வியாழக்கிழமை வங்கி மேலாளர் வருவதாக இருந்தது. குழு ஒழுங்காக நடக்கிறதென்று அவருக்குத் தோன்றினால் புதுக்கடன் கிடைக்கும். முதல்நாளே தலைவி ஒத்திகை பார்த்தார்.

"நான் இருமினா கை தூக்கணும். இருமலேன்னா கை மடியிலேயே இருக்கணும். புரியுதா?"

"தும்மினா என்னம்மா பண்றது?" என்றாள் குழுவில் ஒருத்தியான எண்ணெய்க்காரி.

"தும்மினா வாயை மூடிக்கிட்டு இருடி!"

மறுநாள் மேலாளர் வந்தார், இளவயதுப் பெண். "கூட்டம் ஒழுங்கா நடக்குதா?" என்றார். இருமல், கைகள். "எல்லாருக்கும் முறைப்படி கடன் கிடைக்குதா?" இருமல், கைகள். பஞ்சர் அக்காவின் வலக்கை காதளவு போய் அதற்குமேல் ஏற மறுத்தது. 'நான் பொய் சொல்லத் துணிஞ்சாலும் இந்தத் தோளு துணிய மாட்டேங்குதே' என்று மனத்துக்குள் நொந்துகொண்டாள்.

அப்போது மேலாளரின் பார்வை சுவருக்கு ஏறியது.

"வருஷா வருஷம் தலைவர் மாறணும்னு போட்டிருக்கே? மாத்தணும்னு நினைக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?"

தலைவி மூச்சை அடக்கினார். குழுவையே அடக்கி ஆண்டவருக்குத் தம் தொண்டை அடங்கவில்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, இறுதியில் இருமல் வெடித்தது.

தப்பாமல் எழுந்தன கைகள்.

"ஐயோ மேடம், இது அது இல்ல!"

"எது எது இல்ல?"

"இது... சளி இருமல் மேடம்."

"சரி. அதுக்கும் இவங்க கை தூக்கினதுக்கும் என்ன சம்பந்தம்?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று தலைவியின் நிலை. விளக்கினால் குட்டு உடையும். விளக்காவிட்டால் நாற்காலி போகும்.

"எல்லாரும் கையைக் கீழே போடுங்க. திரும்பக் கேட்கிறேன், யோசிச்சுத் தூக்குங்க" என்றார் மேலாளர்.

தலைவி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். கேள்வி மீண்டும் வந்தது. இருமல் வரவில்லை. ஆணைக்குப் பழகிய கைகள் மடியில் அநாதையாய்க் கிடந்தன. பஞ்சர் அக்கா சனிக்கிழமையை நினைத்தாள், கொழுந்தனாரை நினைத்தாள். வலக்கை எழாதென்று அறிந்து இடக்கையை உயர்த்தினாள்.

"அக்கா, அம்மா இன்னும் இருமவே இல்லையே!" என்று கிசுகிசுத்தாள் எண்ணெய்க்காரி.

"தெரியும்."

"அப்ப இறக்குக்கா, வம்பு."

"நீ ஏத்துடி."

அவள் ஏற்றினாள். பிறகு ஒவ்வொன்றாக, முளைவிடும் பயிர்போலத் தயங்கித் தயங்கி, மற்றவையும் எழுந்தன. தலைவியின் தங்கை மட்டும் தன் அக்காவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே எண்ணெய்க்காரி தலைவியானாள். விதி தன் கண்ணெதிரே இருக்கட்டுமென்று நாற்காலியை எதிர்ச்சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டாள். பஞ்சர் அக்காவின் கடனைப் பற்றி ஒரு நாழிகை சண்டை நடந்தது. மூவர் எதிர்த்தனர்; ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; கடன் தேறியது. அந்த அறையில் முதன்முறையாக ஒரு தீர்மானம் ஏகமனதாக இன்றி நிறைவேறிய பெருமை அதற்கே உரியது.

சனிக்கிழமை மாலை கம்ப்ரசர் கடைக்கு வந்து உறுமியது. முதல் வண்டி, காற்றிறங்கிய ஸ்கூட்டரை இருமிக்கொண்டே தள்ளிவந்த முன்னாள் தலைவியுடையது.

"நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுக்க மாட்டியா?"

"எல்லாருக்கும் ஒரே ரேட்டுதாம்மா. வேணும்னா குழுவுல கேட்டுப் பார்க்கலாம்."

காசு கைமாறியது. அவர் போனபின் பஞ்சர் அக்கா பழைய கைப்பம்பை எடுத்தாள். எண்ணெய் பூசித் துடைத்துக் கம்ப்ரசரின் பக்கத்தில் நிறுத்தினாள். சிறு அகல் ஒன்றை ஏற்றி அதன் அடியில் வைத்தாள். நோகும் தோளைப் பொருட்படுத்தாமல் இரு கைகளையும் குவித்துக் கண்மூடினாள்.

"அந்தம்மா தொண்டை சீக்கிரம் சரியாகணும், சாமி. ஆனா, அதுக்கு இனி யாரும் கை தூக்கக்கூடாது. எல்லாரும் நல்லா இருக்கணும்."