பன்னீர் பட்ட நீலம்

பவித்ரன் மேடையேறியபோதே கலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் அவனுக்குப் பொன்னாடையாம். எதற்கு? ஈப்போ ஆய்வுக்கூடத்தில் அவள் செய்த சரக்குக்கு!

பெரோவ்ஸ்கைட் என்ற படிகம் அது. சில அணுக்கள் கனமே உள்ள தகடுகளாக வளர்த்தால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். கொஞ்சம் தடித்தாலும் பச்சைக்குப் போய்விடும். அந்த நீலத்துக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மூத்த ஆய்வாளன் பவித்ரனோ கூடத்துக்குள் வருவதே படம் பிடித்துக்கொள்ளத்தான். குடுவையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத ஜென்மம், வெள்ளைக் கோட்டு மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் போடும்.

இன்றைக்காவது தன் பெயரைச் சொல்கிறானா பார்ப்போம் என்றுதான் வந்திருந்தாள். நீலத்தைச் செய்தது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வழக்கம்போல் படிகத்தை இரண்டு கண்ணாடித் துண்டுகளில் பூசி, ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு மற்றதைக் கைப்பையில் வைத்திருந்தாள்.

மேடையில் விளக்கைப் போட்டான். கண்ணாடி நீலமாக ஒளிர்ந்தது. மண்டபமே கைதட்டியது.

"எல்லாம் நான் ஒருத்தனாச் செஞ்சது லா," என்றான் மைக்கில். "போத்தல் கழுவ ஒரு பொண்ணு இருக்கு. அவ்வளவுதான்."

போத்தல் கழுவவா? அடப்பாவி!

கோயில் தலைவர் பழனியப்பன் உச்சி குளிர்ந்துபோய் அவனுக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் பன்னீர்ச் செம்பை நீட்டினார். "புதுசா ஒண்ணு வந்தா தெளிக்கணும் லா, டாக்டர். புது லோரி வாங்குனாலும் அப்படித்தானே!"

தண்ணீர் பட்டால் அந்தப் படிகம் செத்தது. செய்தவள் தூக்கத்தில்கூட அதை மறக்க மாட்டாள். 'வேணாம்' என்று கலாதேவிக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. போத்தல் கழுவுகிறவளுக்கு எதற்கு வம்பு என்று பேசாமல் உட்கார்ந்துகொண்டாள்.

பவித்ரன் செம்பை வாங்கிக் கண்ணாடி மேலேயே தெளித்தான், அதுவும் தாராளமாக. நீலம் திட்டுத்திட்டாக மங்கி, அணைந்தே போனது. விளக்கை ஆட்டினான், தட்டினான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அண்ணே, கரண்டு போச்சா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கொல்லென்று சிரிப்பு.

"இது... நான் செஞ்சது இல்ல," என்றான் பவித்ரன், அதே மைக்கில். "எங்க லேப்ல கலாதேவின்னு ஒரு பொண்ணு. முழுக்க அவதான் செஞ்சா. நான் தொடவே இல்ல."

என்ன பெருந்தன்மை! ஒளிர்ந்தவரை அவனுடையது, அணைந்ததும் அவளுடையது.

கலாதேவி மேடையேறினாள். முதல் வேலையாகப் பன்னீர்ச் செம்பை அவன் கையிலிருந்து பிடுங்கித் தள்ளி வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து விளக்கின் கீழ் வைத்தாள். பளிச்சென்று நீலம்.

"நான்தான் கலாதேவி," என்றாள் மைக்கில். "அண்ணன் சொன்னது நெசம். முழுக்க நான்தான் செஞ்சேன். இதையுந்தான்."

பழனியப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டர், அந்தப் பொன்னாடையக் கொஞ்சம் கழட்டுங்க."

"வேணாங்கய்யா," என்றாள் கலாதேவி. "வேர்வை தொடைக்க அவருக்கு ஏதாவது வேணும்ல."