பொறி வராத டிராக்டர்

என் அத்தானுக்கு டிராக்டர் என்றால் உயிர், ஓட்டத்தான் வராது. துருப்பிடித்துக் கிடந்த ஒரு கிழட்டு வண்டியை வாங்கி, பிரித்து மேய்ந்து, பளபளவென்று கொட்டகையில் நிறுத்தியிருந்தார். ஓட்டுவது அக்கா. பழைய வண்டிகளின் ஊர்வலத்தில் அவள் முன்வரிசையில் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் பார்த்து வண்டி மக்கர் பண்ணியது.

“மச்சான், உடனே வா. அக்காகிட்ட மூச்சு விடாதே” என்று போன் செய்தார்.

போனால், முகமெல்லாம் கரியோடு நிற்கிறார். “பெட்ரோல் வருது. பிளக்லதான் பொறி வரல.”

பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இஞ்சின் மேல் சாய்த்து வைத்தோம். அவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினார். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

“கண்ணத் தொறந்து பாருடா.”

“நீங்க சாப்பிட்டுட்டு வந்து சுத்துங்க.”

புது பிளக் போட்டும் அதே கதை. மின்சாரம் தரும் மேக்னெட்டோவைத் திறந்து, எண்ணெய் படிந்திருந்த முனைகளைத் துடைத்தும் பலனில்லை. கடைசியில், வண்டியை அணைக்கிற ஸ்விட்சின் ஒயரை மேக்னெட்டோவிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றச் சொன்னேன். நீலமாகப் பொறி தெறித்தது! அத்தான் கட்டிப்பிடித்ததில் என் சட்டையும் கரியானது.

அப்படியென்றால் அந்த ஒயர்தான் எங்கோ இரும்பில் உரசி, பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை அதில் இறக்கிவிடுகிறது. பின்தொடர்ந்து போனோம். சீட்டுக்கு அடியில் அகப்பட்டது. அக்கா தைத்துக் கட்டியிருந்த மெத்தையின் கயிறு ஒயரை இரும்போடு சேர்த்து இறுக்கியிருந்தது. உறை தேய்ந்து செம்பு தெரிந்தது.

“நீயே சொல்லு. உன் அக்கா.”

“உங்க பொண்டாட்டி, அத்தான்.”

“என்னத்த சொல்லணும்?” பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

அத்தான் மென்று விழுங்கிச் சொன்னார். அவள் முகம் சுண்டிவிட்டது. மெத்தையை அவிழ்க்கப் போனாள்.

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒயர வேற வழியா கொண்டு போயிடலாம். உன் இடுப்பு வலிக்கு வேற வழி இருக்கா?”

அக்கா சிரித்துவிட்டாள்.

புது ஒயரை மறுபக்கமாக இழுத்து மாட்டினோம். அவள் ஏறி உட்கார்ந்தாள். அத்தான் சுழற்றியதும் இஞ்சின் இருமிக்கொண்டே பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவுக்கே ஓட்டிப்போய்விட்டாள்.

“ஊர்வலம் நாளைக்குத்தான்!” என்று கத்தியபடி அத்தான் பின்னாலேயே ஓடினார். குரலில்தான் கோபம், முகமெல்லாம் சிரிப்பு.