அம்மாவே வந்து கேட்டாலும்

காலை பத்து மணிக்கு அவித்த கிழங்கை ஃபுஃபுக் களியாக இடிக்கும் உலக்கைச் சத்தம் தொடங்கினால் டெச்சிமான் லாரி நிலையத்தில் பாதிப் பேருக்குப் பசி வந்துவிடும். அது அடோமாவின் சாப்பாட்டுக் கடை. ஒரு பக்கம் வேர்க்கடலைக் குழம்பு, மறுபக்கம் செம்பனைப் பழக் குழம்பு, நடுவில் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரண்டியோடு அடோமா. யார் வீட்டில் என்ன சண்டை, எந்த டிரைவருக்கு எந்த ஊரில் இரண்டாவது குடும்பம் என்பதெல்லாம் குழம்பு கொதிப்பதற்குள் அவள் காதுக்கு வந்துவிடும். அதனாலேயே குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் பெண் வீட்டைப் பற்றி விசாரித்து வரும் பொறுப்பு அவள் தலையில்தான் விழும்.

ஊரையே விசாரிக்கும் அடோமாவிடம் ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மசாலா டப்பாவில், கிராம்புக்கு அடியில், காகிதத்தில் மடித்து வைத்த மாத்திரைகள். வலிப்பு நோய்க்கு அவள் தினமும் விழுங்குபவை. மூன்று வருடத்துக்கு முன் கொல்லைப்புறத்தில் இரண்டு முறை விழுந்து துடித்தாள். பார்த்தது கட்டியிருந்த ஆடு மட்டும்தான். வலிப்புக்காரியின் எச்சில் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிற ஊர் அது. விஷயம் வெளியே தெரிந்தால் அவள் பானையிலிருந்து ஒருவனும் ஒரு கவளம் சாப்பிட மாட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்போது அவளுக்குக் கைகொடுத்தது ஓர் இணையதளம். வலிப்பு நோயாளிகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது. முகப்பில் ஊதா நிற விளக்குப் படம். கேள்வியை எழுதினால் நர்ஸ்கள் பதில் சொல்வார்கள். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியபோது பக்கத்தின் அடியில் இருந்த வரி கண்ணில் பட்டது: "நீங்கள் எழுதியதை யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்கள் அம்மாவே வந்து கேட்டாலும்." அந்த ஒரு வரியை நம்பித்தான் எழுதினாள். மறுநாள் போனில் வந்த செய்தி கூட 'நீங்கள் கேட்டது தயார்' என்று மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்ட தங்கை, "என்னக்கா தயாரு?" என்று கேட்டாள். "பனை எண்ணெய்" என்றாள் அடோமா. அவர்கள் சொன்னபடி சுன்யானி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கினாள். அதன்பிறகு ஒருநாளும் விழவில்லை.

இந்த வருடம் அந்தத் தங்கையின் மகன் ஓபெங்குக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் டுஃபீ, தையல்காரி. பார்க்கவும் லட்சணம், பேச்சும் மரியாதை. ஒருநாள் கடைக்குச் சாப்பிட வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டோடு அடோமா அருகில் போக, ஊதா விளக்கு ஒரு கணம் தெரிந்தது. டுஃபீயின் கட்டைவிரல் ஓரத்தைத் தொட, பக்கம் சட்டென்று மழை நிலவரத்துக்கு மாறியது. புழுதிக்காற்று வீசும் ஜனவரி மாதத்தில் யார் மழையைத் தேடுகிறார்கள்? யாராவது எட்டிப் பார்த்தால் தப்பிக்க அந்தத் தளத்தில் வைத்திருக்கும் பொத்தான் அது. அடோமாவே கழிப்பறைக்குள் நின்று பத்து முறை தொட்டிருக்கிறாள்.

தனக்கு இருக்கும் நோய் இன்னொருத்திக்கும் இருக்கலாம் என்று தெரிந்ததும் இரக்கம்தானே வர வேண்டும்? வரவில்லை. 'நம்ம பிள்ளை தலையில கட்டப் பாக்கறாங்களோ' என்றுதான் தோன்றியது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

மறுநாளே ஐந்து பெரிய யாம் கிழங்குகளை அலுமினியத் தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் புறப்பட்டாள். அங்கே இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாஃபூர் அவள் குலத்துக்காரன். மாதக் கடைசியில் கடன் சொல்லிச் சாப்பிடுகிறவன். வாய் திறக்காமலா போய்விடுவான்?

"தம்பி, யாம் நல்லா மாவா இருக்கு. உனக்குன்னு கொண்டாந்தேன்" என்று தட்டை இறக்கினாள்.

பாஃபூர் சிரித்தான். "அக்கா, நீங்க சும்மா ஒரு மிளகாய் கூட தரமாட்டீங்க. விஷயத்தைச் சொல்லுங்க."

"வாயாடி! ஒரே ஒரு பேரு. நம்ம ஓபெங்குக்குப் பாத்திருக்கற பொண்ணு. உங்க பக்கத்துல எதாவது எழுதியிருக்காளான்னு பாத்துச் சொல்லு. எனக்கும் உனக்கும் நடுவுலதான்."

பாஃபூரின் சிரிப்பு போய்விட்டது. "அது முடியாதுக்கா."

"ஒரே குலத்துல பொறந்துட்டு எங்கிட்டயே முடியாதுன்னு சொல்றியா? அந்தப் பொட்டியைத் திறந்து எட்டிப் பாக்க எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"திறந்தாலும் ஒண்ணும் இருக்காதுக்கா. நாங்க பேரே கேக்கறதில்லை. பேரு இல்லாத இடத்துல பேரை எங்க தேடறது? போன் நம்பர் வந்த உடனே பூட்டுக்குள்ள போயிடும். பதில் போனதும் அழிஞ்சிடும். எழுதினது முப்பது நாளைக்கு மேல இருக்காது. அந்தப் பூட்டைச் செஞ்சவன் நான்தான். ஆனா சாவி எங்கிட்ட இல்லை, நர்ஸுங்ககிட்ட இருக்கு."

"பூட்டு செஞ்சவன் சாவி வச்சுக்காமலா இருப்பான்? யாருக்குக் காது குத்தற?"

"வச்சுக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன். உங்கள மாதிரி சோறு போட்ட அக்கா ஒருநாள் வந்து கேப்பாங்கன்னு தெரியும்ல? எனக்கும் மனசு இளகும். இல்லாத சாவியை யாரும் எங்கிட்டேருந்து பிடுங்க முடியாது." அவன் குரலைத் தணித்தான். "போன மாசம் மூலிகை எண்ணெய் விக்கிற ஒருத்தர் காரு போட்டு வந்தாரு. 'உங்களுக்கு எழுதறவங்க நம்பரெல்லாம் குடு, நீ கேட்டதைத் தர்றேன்'னாரு. எங்க ஜெனரேட்டர் புகையை மட்டும் குடிச்சிட்டுப் போனாரு."

"எண்ணெய்க்காரனும் நானும் ஒண்ணா? நான் குடும்ப மானத்துக்காகக் கேக்கறேன். இனிமே என் கடைப்பக்கம் வந்து பாரு, குழம்பு இல்லை, பாத்திரம் கழுவின தண்ணிதான் ஊத்துவேன்!"

அதற்குள் வாசலில் யாரோ செருமினார்கள். பாஃபூர் எழுந்தான். "அக்கா, கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். இங்க வர்றவங்க ஒருத்தர் மூஞ்சியை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் பின்கதவு. யாமையும் எடுத்துக்கங்க, இங்க நாங்க எதையும் வாங்கறதில்லை."

தட்டும் கையுமாக அடோமா பின்பக்கம் வந்து நின்றாள். ஜன்னலுக்குக் கீழே தலைத்துணியைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும்? அது டுஃபீயின் தாய்மாமன் தாச்சியின் குரல். லாரி நிலையத்தில் இருபது வருடம் "குமாசி! குமாசி!" என்று கூவிப் பயணிகளை அழைத்த தொண்டை. அவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

"தம்பி, நல்ல கினிக்கோழி, உனக்குத்தான். ஒரு சின்ன உதவி. எங்க பொண்ணைக் கேட்டு வர்ற வீட்டுல அடோமான்னு ஒருத்தி. சாப்பாட்டுக் கடைக்காரி. அவ சுன்யானி ஆஸ்பத்திரியில வலிப்புக்காரங்க வரிசையில நின்னதா ஒரு டிரைவர் சொல்றான். உங்களுக்கு எதாவது எழுதியிருக்காளா? எனக்கும் உனக்கும் நடுவுலதான்."

சுருட்டிய துணியோடு அடோமா சுவரை ஒட்டி நின்றாள். கடை, பானை, தினமும் வந்து உட்காரும் அத்தனை முகங்கள், எல்லாம் அந்தப் பையனின் நாக்கு நுனியில் தொங்கின. இப்போதுதான் அவனுக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். 'தெரியாது, ஆனா இருக்கும்' என்று ஒரு வார்த்தை போட்டாலும் போதுமே!

"அது முடியாதுண்ணா" என்றான் பாஃபூர்.

"உன் மாமன் வயசு எனக்கு."

"திறந்தாலும் ஒண்ணும் இருக்காதுண்ணா. நாங்க பேரே கேக்கறதில்லை. பேரு இல்லாத இடத்துல பேரை எங்க தேடறது?"

சற்று முன் அவளை எரிச்சலூட்டிய அதே வார்த்தைகள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஆனால் இப்போது அந்த வார்த்தைகளைக் கேட்டு அடோமாவின் கண்களில் நீர் முட்டியது. பூட்டு, சாவி, முப்பது நாள் என்று அவன் அடுக்க அடுக்க, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி எழும் சுவராக அவளுக்குத் தெரிந்தது. தான் இடிக்க வந்ததும் இதே சுவரைத்தான் என்று உறைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. எவ்வளவு நல்ல பையன்! சோறு போட்டவளுக்கும் மசியவில்லை, கோழி கொண்டுவந்தவருக்கும் மசியவில்லை.

தாச்சி புலம்பிக்கொண்டே பின்கதவு வழியாக வெளியே வந்தார். கையில் தலைகீழாகக் கினிக்கோழி. எதிரே யாம் தட்டோடு அடோமா. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் முகத்தில் அசடு வழிந்தது.

"நீயுமா தங்கச்சி?"

"நானும்தான்ணா."

"பொண்ணைக் குடுக்கறோம். விசாரிக்காம இருக்க முடியுமா, சொல்லு?"

"குணத்தை விசாரிங்க, கடன் இருக்கான்னு விசாரிங்க, அடிக்கற கையான்னு விசாரிங்க. நானும் அதைத்தான் செய்யணும். ஆனா அண்ணா, அந்தப் பையன் எனக்குச் சொல்லியிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பான். உங்களுக்குச் சொல்லியிருந்தா நாளைக்கு ஊருக்கே சொல்லியிருப்பான். அப்புறம் நோவு வந்தவங்க யாராவது அந்தப் பக்கத்தைத் திறப்பாங்களா? திறக்காமலே செத்துப்போவாங்க." அவள் தட்டைக் கீழே இறக்கி வைத்தாள். "உடம்பு சமாச்சாரத்தை அதுங்க ரெண்டும் தனியா உக்காந்து பேசிக்கட்டும். வாழப்போறது அதுங்கதானே?"

தாச்சி கோழியை அவளிடம் நீட்டினார். "வீட்டுக்குத் திரும்ப எடுத்துட்டுப் போனா என் பொண்டாட்டி கேள்வி கேட்டே கொன்னுடுவா. நீ வச்சுக்க. யாமை எங்கிட்ட குடு." அன்று மாலை கடையில் கினிக்கோழிக் குழம்பு. பாஃபூருக்கு இரண்டு துண்டு அதிகம் விழுந்தது. யாரிடமும் எதையும் வாங்குவதில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். "இது லஞ்சம் இல்லடா, கணக்குல எழுதிட்டேன், சம்பளம் வந்ததும் காசைக் குடு" என்று அதட்டி உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம், பெண் வீட்டுக் கதவைத் தட்டி முறைப்படி பெண் கேட்கப் போகும் நாளுக்காக அடோமாவுக்கு ரவிக்கை அளவெடுக்க டுஃபீ வந்தாள். முந்தின நாள் அவளும் ஓபெங்கும் ஆற்றங்கரையில் நெடுநேரம் உட்கார்ந்து பேசியதாகத் தங்கை சொல்லியிருந்தாள். என்ன பேசினார்கள் என்று அடோமா கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்காமல் இருந்தாள்.

அளவு முடிந்ததும் மசாலா டப்பாவைத் திறந்து, கிராம்பை ஒதுக்கி, ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"வலிப்புக்கு. மூணு வருஷமா சாப்பிடறேன். என் தங்கச்சிக்குக் கூட தெரியாது. நானா உங்கிட்ட சொல்றேன்." டுஃபீ ஏதோ சொல்ல வாயெடுக்க, அடோமா கையமர்த்தினாள். "உன்னை நான் ஒண்ணும் கேக்கலை கண்ணு. சொல்லணும்னு உனக்கா தோணினா சொல்லு, தோணலைன்னா விடு. ஒருத்தர் உடம்பைப் பத்தின சேதி அவங்க சொத்து. அவங்களா சொன்னா அது நம்பிக்கை. மத்தவங்க தோண்டி எடுத்தா அது திருட்டு. நானே திருடப் போனவதான், அதனால சொல்றேன்."

டுஃபீ அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாத்திரையைப் போட்டுக்கங்க பெரியம்மா" என்றாள்.